கல்லை நக்கிப் பார்த்தவர்

வெள்ளைக்காரன் ஆட்சி நடந்த காலத்தில், மழை ஓய்ந்த ஒரு காலையில், எங்கள் கொல்லிமலை ஆற்றில் ஒருவர் பரிசலில் வந்தார். பரிசலை மலைக்குக் கீழேயிருந்து ஆட்கள் தலையில் கவிழ்த்துத் தூக்கி வந்தார்களாம். பேளுக்குறிச்சிச் சந்தைக் கூட்டத்தில்கூட அப்படி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. காக்கி அரைக்கால் சட்டை, வெயிலில் தோல் உரிந்த மூக்கு, இடுப்பில் சின்னச் சுத்தியல்; கல் ஆராயச் சர்க்கார் அனுப்பிய ஆளாம். எந்தக் கல்லைக் கண்டாலும் முதலில் நக்கிப் பார்ப்பார், பிறகுதான் உடைப்பார்.

என் சாமைக் காட்டோரத்துக் கருங்கல்லையும் நக்கினார். நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றேன். தங்கம் இருக்கிறதென்று போய்ச் சொன்னால் சர்க்கார் காட்டைப் பிடுங்கிக்கொள்ளுமே.

"ஏனுங்க, உள்ள தங்கம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க. இந்தக் கல்லு ஒரு காலத்துல நெருப்புக் குழம்பா பூமிக்குள்ள இருந்து பொங்கி வந்துச்சு."

களை பிடுங்கிக்கொண்டிருந்த என் சம்சாரம் நிமிர்ந்தாள். "கல்லே பொங்குச்சாமா! அப்ப நான் எதுக்குங்க சாமையப் பொங்கறேன்?"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு சில்லைப் பையில் போட்டுக்கொண்டு பரிசல் ஏறினார். கொஞ்ச தூரத்தில், ஆறு பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் இடத்தில், பரிசல் சுழன்று கவிழ்ந்தது. தொப்பி போயிற்று, சோற்று மூட்டை போயிற்று. அவரோ கல் பையை மட்டும் மார்போடு கட்டிக்கொண்டு கரையேறினார். வெறுங்கல்லை யாராவது அப்படிக் கட்டிக்கொள்வார்களா?

காட்டைப் பிடுங்க இன்றுவரை யாரும் வரவில்லை. ஒரு நாள், சம்சாரம் பார்க்காத நேரத்தில், நானும் அந்தக் கல்லை நக்கிப் பார்த்தேன். கல் ருசிதான் இருந்தது. அவர் நாக்குக்கு மட்டும் என்ன தெரிந்ததோ.