அம்புக்குறிக்கு எதிரே ஏறிய கோடு

பேய், பிசாசு என்று யார் வந்து சொன்னாலும் போய்ச் சோலியைப் பாருங்கள் என்று அனுப்புகிறவள் நான். கையெழுத்துக்கு மேல் படிப்பு இல்லை, ஆனால் மேலகரத்தில் என்னை ஏமாற்றியவர் கிடையாது. நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் மாடியில் ஆலங்குளத்துப் பெண் செல்வி வாடகைக்கு இருந்தாள். ரோடுகளையும் வாய்க்கால்களையும் கம்ப்யூட்டரில் வரைபடமாக்குவது அவள் வேலை. ஒருநாள் காட்டினாள்.

"ஆச்சி, இது ரோடு, ரெண்டு பக்கமும் போலாம். இது வாய்க்கால். அம்புக்குறி போட்டாச்சுன்னா ஒரு பக்கந்தான்."

"தண்ணி மேட்டுக்கு ஏறாதுன்னு சொல்லவா ஏட்டி உனக்குச் சம்பளம்?"

விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாரல் சமயம், ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரரைக் காணவில்லை. அவருக்கு மறதி நோய். பின்வாசலை ஒட்டிய வாய்க்காலில், குற்றாலத்து மழையால் தண்ணீர் கரை தொட்டு ஓடியது, படித்துறையில் அவர் செருப்பு மட்டும் கிடந்தது. செல்வி கம்ப்யூட்டரில் எங்கள் படித்துறையைத் தொட்டாள். அங்கிருந்து தண்ணீர் இழுத்துப்போகும் வழி முழுக்க நீலமாகி, கிழக்கே குளத்தில் போய் முடிந்தது. தெருவே குளத்துக்கு ஓடியது. நான் அழவில்லை, எனக்கு அது வராது.

அப்போதுதான் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தோம். செல்வி ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பாள், நடந்த தடம் திரையில் சிவப்பாக விழும். இந்தக் கோடு எங்கள் படித்துறையில் தொடங்கி, அம்புக்குறிக்கு எதிரே, மேற்கே மெல்ல ஏறி, வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மேல்மடையில் போய் நின்றது.

"நான் நடக்கலையே ஆச்சி, கருவி இந்தா சார்ஜ்ல கிடக்கு."

இருவரும் மேற்கே போனோம். மடைக்கல்லில் உட்கார்ந்திருந்தார், வெறுங்காலோடு, தொப்பலாக நனைந்து.

"இங்கன எதுக்கு வந்தீய?"

"நீதானட்டி முன்னால போன. கூப்பிடக் கூப்பிடத் திரும்பியே பாக்கல."

கருவி பழுது என்று செல்வி அந்தக் கோட்டை அழித்துவிட்டாள், வேலை முடிந்து ஊருக்கும் போய்விட்டாள். மறதிக்காரர் பேச்சு என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் சாரல் விழுகிற நாளில், இன்றைக்கும், சோறு பிசைந்து ஊட்டுகிற என்னை விலக்கிவிட்டுப் பின்வாசலைக் கைகாட்டுகிறார்.

"நீ யாரும்மா? எம் பொண்டாட்டி அங்கன நனஞ்சுக்கிட்டு நிக்கா. உள்ள கூப்பிடு."