அமிலம் போகும் வழி

நீர்த்த திரவம் கெட்டியான திரவத்தைத் தள்ளும்போது நேராகத் தள்ளாது. விரல் விரலாகப் பிரிந்து உள்ளே நுழையும். இரண்டும் தொடும் இடத்தில் வேதிவினை நடந்து புதிதாக ஏதாவது உண்டானால் அந்த விரல்கள் கொழுக்கும், கிளைக்கும், சில சமயம் நின்றே போகும். சென்னையில் நான் ஆராய்ச்சி என்று செய்வது இதைத்தான். இரண்டு கண்ணாடித் தட்டுகள், நடுவில் மெல்லிய இடைவெளி, ஓர் ஊசிக்குழல். "அங்க இன்னாதாம்மா பண்ணிக்கினு இருக்கிற?" என்று அம்மா கேட்டால் எனக்கே சொல்லக் கூச்சமாக இருக்கும்.

அப்பா ரத்த வாந்தி எடுத்த பிறகு அந்தக் கூச்சம் போயிற்று.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கத் தறிதான். புடவையின் உடலுக்கு ஊடை நூல் சுற்றிய நாடாவை அப்பா எறிவார், கரைக்கு அம்மா. ஒருவர் எழுந்தால் இன்னொருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதால் இருவருமே எழ மாட்டார்கள். காலைச் சாப்பாடு மதியத்தைத் தொடும். இடுப்பு விட்டுப்போனால் தறியை விட்டு நகராமலே, பக்கத்து டப்பாவிலிருந்து ஒரு வலி மாத்திரை. பட்டில் சொட்டினால் கறை என்று தண்ணீரைக்கூடக் கிட்டே வைப்பதில்லை. மாத்திரை எச்சிலோடு வெறும் வயிற்றில் இறங்கும். எங்கள் தெருவில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை.

இரைப்பையில் புண் என்றார் டாக்டர். "கறுப்பாகப் போகிறதா?" என்று கேட்டார். கொஞ்ச நாளாகவே தார் மாதிரிப் போனதாக அப்பா ஒப்புக்கொண்டார். அதுவும் ரத்தம்தான், இனி வலி மாத்திரையைத் தொட்டால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து தேறியதும் தேறாததுமாக அப்பா தறியில் உட்கார்ந்துவிட்டார். "இடுப்பு போவுதுமா. ஒண்ணே ஒண்ணு போட்டுக்கினா இன்னா ஆயிடும்?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் சொல்லியும் கேட்காதவரிடம் என்ன பேசுவது? அடுத்த வாரம் கண்ணாடித் தட்டுகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்து ஊருக்குப் பஸ் ஏறினேன்.

அப்பாவை எதிரில் உட்கார வைத்தேன். தட்டுகளுக்கு நடுவே வெள்ளைப் பசையை நிரப்பி, சிவப்புத் தண்ணீரை ஊசிக்குழலால் செலுத்தினேன். விரல் விரலாக ஓடிற்று. "வயித்துச் சுவரு அமிலத்த இப்படித்தான் துப்புது. மேல இருக்குற சளிப் படலத்துக்குள்ள சன்னமா வழி பண்ணிக்கினு வெளிய வருது" என்றேன். பிறகு பசையை மாற்றி, பொற்கொல்லர் கடையில் வாங்கிய வெங்காரத்தை, அதாவது போராக்ஸ் உப்பை, அதே தண்ணீரில் கலந்து செலுத்தினேன். தண்ணீர் தொட்ட இடமெல்லாம் பசை இறுகிற்று. விரல்கள் தடுமாறி அடைபட்டன. வயிற்றிலும் அப்படித்தான்: வெளியே வந்த அமிலம் பட்டதும் படலம் கெட்டியாகிவிடும். அமிலம் வந்த வழியே திரும்ப முடியாது. அதனால்தான் நம் வயிறு நம்மையே தின்னாமல் இருக்கிறது என்று அப்பாவுக்கு விளக்கினேன்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்ப அதுவே சுவரு கட்டிக்குது. அப்புறம் இன்னாத்துக்குமா பயம்?"

பயமுறுத்த வந்தவள் தைரியம் சொல்லிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். பசையில் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, வெங்காரத் தண்ணீரை மறுபடியும் செலுத்தினேன். இந்தமுறை வெங்காரத்தால் எதையும் கட்ட முடியவில்லை. சிவப்பு தட்டு முழுக்கப் பரவி ஓரத்தில் ஒழுகிற்று.

"நீ போடுற மாத்திர இதத்தான் பண்ணுதுப்பா. படலமே நீத்துப் போவுது. கட்டுறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல."

அப்பா ஓரத்தில் ஒழுகிய சிவப்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

நிலைப்படியில் சாய்ந்து நின்ற அம்மா மெதுவாகச் சொன்னாள். "எனக்கும் கறுப்பாத்தாம்மா போய்க்கினு இருக்குது."

அம்மாவும் அதே டப்பாவிலிருந்துதான் எடுத்துப் போட்டிருக்கிறாள். முதலில் அவர் தேறட்டும் என்று வாயைத் திறக்கவில்லை. இத்தனை நாள் நாங்கள் எல்லோரும் அப்பாவின் வயிற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவளைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் உதடு வெளுத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சட்டைகூடப் போடாமல் தெருவுக்கு ஓடி, போகிற ஆட்டோவை மறித்து நின்றார். அம்மாவை இருவருமாகக் கைத்தாங்கலாக ஏற்றினோம்.

"பாவு பாதியில நிக்குதே" என்றாள் அம்மா, தறியில் ஏற்றியிருந்த இழைகளை நினைத்து.

"அறுத்து எறிஞ்சிடலாம்" என்றார் அப்பா. "நீ பேசாத வா."