இருபது நிமிஷக் கூட்டம்

எண்பதுகளின் தொடக்கத்துல நான் தேயிலைத் தோட்ட ஆபீஸ்ல கணக்கு எழுதுற சின்னக் கிராணி. ஆம்பளைக் கிராணிமாருக்கு நடுவுல ஒரே பொம்பளை. வயசு இருபத்தி நாலு, வாய்க்கு மட்டும் நாப்பது. வியாழக்கிழமைக் கூட்டத்தை நடத்துற வேலையைத் துரை என் தலையில கட்டினாரு.

எனக்கு முன்னால அந்தக் கூட்டம் வெறும் சந்தைக்கடை. மூனு கங்காணிமாரும், கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க சார்பா ஒரு அக்காவும் வந்து உக்காருவாங்க. கொழுந்து எடையில ஆரம்பிச்ச பேச்சு, கோலா தெர்லா ரோட்டுல லோரி கவுந்த கதைக்குப் போயி, யாரு மகளுக்கு மாப்பிள்ளை வந்திருக்குங்கிறதுல முடியும். துரை கண்ணை மூடிக்குவாரு. எனக்கு எரிச்சல்னா எரிச்சல். வந்த மாசமே சட்டம் போட்டேன். பேச வேண்டியதை முதல் நாளே தாள்ல எழுதி வச்சிடுவேன். ஒன்னொன்னா படிப்பேன், சரியான்னு கேப்பேன், தலையாட்டுவாங்க, அடுத்தது. முடிவானதை மறுபடி கிளறக் கூடாது. இருபது நிமிஷத்துல எல்லாரும் வேலைக்காட்டுக்குப் போயிடணும்.

பெரிய கிராணி மட்டும், "ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும்"னு முனகினாரு. வயித்தெரிச்சல்னு விட்டுட்டேன். துரை புகழ்ந்த புகழ்ச்சியில எனக்குத் தலைகால் புரியல.

ஒரு வியாழன், மேல்மலையில களைக்கு மருந்து அடிக்க ஆள் பத்தலன்னு பேச்சு வந்துச்சு. கொழுந்துக் கும்பல்லேருந்து நாலு பேரைத் திங்கக்கிழமை மருந்துக்கு மாத்தணும். நானே பேரு எழுதினேன். அந்த அக்கா தெம்பான ஆளுன்னு அவங்க பேரைத்தான் முதல்ல போட்டேன். படிச்சேன். சரியான்னு கேட்டேன். அக்கா தலையாட்டுனாங்க. பதினெட்டே நிமிஷத்துல முடிஞ்சிருச்சு.

எங்க ஆபீஸ் தரைக்கு மெழுகு போட்டிருப்பாங்க. சேத்துச் சப்பாத்தை வாசல்லயே கழட்டிட்டுத்தான் உள்ள வரணும். அன்னைக்கு லிஸ்டை வாசப் பலகையில ஒட்டலாம்னு நான் வெளிய வந்தப்ப, அக்கா படியில உக்காந்து சப்பாத்து மாட்டிக்கிட்டே, மூனு பேருல மருந்து வேலையைப் பாத்துக்கிற கங்காணிகிட்ட மெதுவா பேசிக்கிட்டிருந்தாங்க. அவரு அவங்களுக்குச் சித்தப்பா முறை. அக்கா முழுகாம மூனு மாசமாம். இதுக்கு முன்னால ரெண்டு தங்கலையாம். மருந்து வாடை பட்டாலே குடலைப் புரட்டுதாம், இதுல மருந்து டேங்க்கை முதுகுல தூக்கிக்கிட்டு எப்படி மலை ஏறுறதுன்னு கேட்டாங்க. முடிவாயிருச்சே, கிராணியம்மா கிளறக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களேன்னு அவரு தலையைச் சொறிஞ்சாரு.

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்திருச்சு. இதை உள்ள சொல்றதுக்கு என்ன, வாயில கொழுக்கட்டையான்னு கேட்டுப்புட்டேன்.

அக்கா நிமிந்து பாத்தாங்க. "தலையாட்டத்தானே நேரம் குடுத்தீங்க, கிராணியம்மா."

எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம் போல ஆயிருச்சு.

துரைகிட்ட ஓடினேன். அவரு பேனாவைக்கூட கீழ வைக்கல. அடுத்த வியாழன் கூட்டத்துல பாத்துக்கலாம், அது நீ போட்ட சட்டம்தானேன்னாரு. மருந்து வேலையோ திங்கக்கிழமை ஆரம்பிக்குது. அந்தப் பொம்பளை மூனு நாள் டேங்க்கைச் சுமந்து, அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா? வாசலுக்குப் போயி எல்லாரையும் சப்பாத்தோடவே உள்ள வரச் சொன்னேன். துரை மெழுகு போட்ட தரையைப் பாத்தாரு.

கையில தாள் இல்ல. அக்கா, நீங்க சொல்லுங்கன்னேன். சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டேன். என் வாழ்க்கையில நான் செஞ்ச கஷ்டமான வேலை அதுதான் லா. ஆம்பளைங்க முன்னால இதைச் சொல்ல அவங்களுக்குக் கூச்சம். துரை ரெண்டு தடவை கடிகாரத்தைப் பாத்தாரு, கங்காணி ஒருத்தரு இருமினாரு. நான் அசையல. கடைசியில அக்கா தரையைப் பாத்துக்கிட்டே சொல்லி முடிச்சாங்க. பேரை அடிச்சிடுன்னாரு துரை. அவ்வளவுதான். அக்காவைத் தேயிலை நாத்து வளக்கிற மேடைக்கு மாத்தினோம். அக்காவுக்குக் குழந்தை நல்லபடியா பொறந்துச்சு.

ஆனா அன்னைக்குக் கூட்டம் அதோட முடியல. காலியான எடத்துக்கு ஆள் வேணுமே. புத்தி உடனே மாறிடுமா? கல்யாணமாகாத ஒரு பிள்ளை பேரை மளமளன்னு எழுதிட்டு, எல்லாம் சரிதானேன்னு எழுந்துட்டேன். மத்தவங்களும் எழுந்தாங்க. அக்கா மட்டும் எழுந்திரிக்கல.

"அந்தப் பிள்ளைக்கும் நாளைக்கு ஒரு வயிறு வரும்ல? கையுறை குடுக்காம யாரையும் அனுப்பாதீங்க."

கையுறையான்னு துரை கேட்டாரு. அவருக்கும் அது புதுசு, எனக்கும் புதுசு. அப்பதான் மருந்துக் கங்காணி மறுபடி உக்காந்து, ரெண்டு கையையும் விரிச்சு மேசை மேல வச்சாரு. மருந்து பட்டுப் பட்டு நாலு விரல்ல நகமே இல்ல. மிச்சமிருந்ததும் மஞ்சளா பொரிஞ்சு கெடந்துச்சு. எத்தனை வருஷமா இப்படின்னு துரை கேட்டதுக்கு, நாளாச்சுங்க துரைன்னாரு. வாரா வாரம் அந்த மனுஷன் எனக்கு நேர் எதிர்லதான் உக்காந்திருந்தாரு.