பூங்காவுக்குப் போட்ட சீட்டு

சுனாமிக்குப் பிறகு எங்கள் குப்பத்துக்கும் ஏரிக்கரைத் தெருவுக்கும் நடுவில் ஒரு பூங்கா கட்டிக் கொடுத்தார்கள். கட்டியவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனதோடு சரி. ஊஞ்சல் துருப்பிடித்தது, வேலிக்காத்தான் ஆள் உயரத்துக்கு மண்டியது. பாம்பைத் தவிர உள்ளே யாரும் போவதில்லை.

போன வருஷம் அதைச் சுத்தம் செய்யலாம் என்று வாயைக் கொடுத்தவள் நான்தான். மகளிர் குழுவில் நாலு எழுத்து எழுதத் தெரிந்தவள் என்கிற திமிர். குப்பத்தில் நாங்கள் கடலோடு சேரும் உப்பு ஏரியில் வலை போடுகிறவர்கள். ஏரிக்கரைத் தெருவில் இருப்பவர்கள் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். கூப்பிடு தூரத்தில் இருந்தும் ஒரு கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிட்டுக்கொண்டதில்லை. பூங்காவிலாவது சேர்ந்து உட்காரட்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

முதல் நாள் குப்பத்திலிருந்து ஒரு கூட்டமே வந்தது. மூன்றாம் நாள் நான் மட்டும். ஏரிக்கரைத் தெருவிலிருந்து ஒரு பெண், என்னைவிட இளையவள், தன் வீட்டு ஆட்களோடு கடைசிவரை வந்தாள். முள்செடியை வேரோடு இழுப்பாள். “இறாலு முள்ளு குத்தாத குத்தாக்கா இது?” என்று சிரிப்பாள். மதியம் என் தூக்குச் சோற்றில் உரிமையாகக் கை வைப்பாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வேம்பும் புங்கமும் நட்டோம். உப்பு மண். தினமும் நல்ல தண்ணீர் ஊற்றாவிட்டால் கருகிவிடும். யார் எந்த நாள் ஊற்றுவது? எங்களுக்கு முறை என்றால் சீட்டுதான். ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்பதையும் அப்படித்தான் பிரித்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். பாடு எழுதும் நோட்டை வாங்கி, அதில் இருந்த பெயர்களை அப்படியே சீட்டுகளில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினேன்.

இரண்டு பக்கத்து ஆட்களும் கூடி நின்றார்கள். அவளும் முன்னால் நின்றாள். கடைசிச் சீட்டும் வந்துவிட்டது. அவள் தெருவில் ஒருவர் பெயரும் வரவில்லை. எப்படி வரும்? அவர்களுக்குப் பாடு கிடையாது, நோட்டில் பெயரும் கிடையாது. அவள் குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள். மறுநாளிலிருந்து அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை.

வேண்டுமென்று செய்யவில்லை. அவர்கள் நினைப்பே எனக்கு வரவில்லை, அதுதான் அசிங்கம். மூன்று நாள் தள்ளிப்போட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போனேன். அவள் அப்போதுதான் கரையேறி, இறாலைக் கூடையில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“தப்பு என்னுதும்மா. உங்க பேரையும் எழுதி மறுபடி போட்டுடலாம்.”

“அந்த நோட்டுல உன் பேரு இருக்குதாக்கா?”

இல்லை. நோட்டு முழுக்க ஆம்பளைகள் பெயர்தான். என் வீட்டுக்காரர் பெயரை நானே சீட்டில் எழுதினேன். பூங்கா பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன். எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை.

“உனுக்கே இல்லாத எடத்துல எனுக்கு இன்னாக்கா குடுக்கப் போற?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள்.

புங்கம் இரண்டு பட்டுப்போய்விட்டன. இன்றைக்கு என் வீட்டுக்காரர் முறை. அவர் படுத்திருக்கிறார். குடத்தை எடுத்துக்கொண்டு நான்தான் போகிறேன்.