தேயிலைச் செடிகள் மலையேறிய வியாழக்கிழமை

கேமரன் மலையில் வண்டி வாங்குகிற எல்லாரும் எங்கேயாவது போவதற்காகத்தான் வாங்குவார்கள். சுபத்ரா மட்டும் நிற்பதற்காக வாங்கினாள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். கூடவே குடித்தனம் நடத்துகிற யோகேந்திரனே நம்பவில்லையே!

சுபத்ராவுக்கு நாற்பத்தாறு வயது. தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தை வாட்டுகிற மாடியில் வேலை. நீளநீளத் தொட்டிகளில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி வைத்திருப்பார்கள். அடியிலிருந்து பெரிய காற்றாடிகள் வெதுவெதுவென்று காற்றடிக்கும். அந்தச் சூட்டுக்கும் வாசனைக்கும் ஒரு யானையைக் கொண்டுவந்து நிறுத்தினால் அதுகூடக் கொட்டாவி விட்டுப் படுத்துவிடும். சுபத்ரா அங்கே இருபத்திரண்டு வருஷம் நின்றவள். நின்றபடியே, கண்ணைத் திறந்தபடியே கனவு காண அவளுக்குப் பழகிவிட்டது. ஒரு தடவை துரை எதிரில் வந்து மூன்று முறை "குட் மார்னிங்" சொல்லியிருக்கிறார். நாலாவது நாள்தான் பதில் வந்தது என்று தோட்டமே சொல்லிச் சிரிக்கும்.

ஆனால் ஒன்று. அவள் மனசு எங்கே ஊர் சுற்றினாலும் காது மட்டும் வேலையை விட்டு நகராது. பதினாறு காற்றாடிகளில் ஒன்றின் பெல்ட் லேசாகத் தளர்ந்தால் போதும், மெக்கானிக் தலையைத் தூக்குவதற்குள் "ஒம்பதாம் நம்பர் அழுவுது" என்று சொல்லிவிடுவாள்.

அவள் வாங்கியது ஏழு வருஷம் ஓடிய பழைய எஸ்.யு.வி. வெள்ளை நிறம், நல்ல உயரம். அதில் கையால் இழுக்கிற பிரேக் கிடையாது. கியருக்குப் பக்கத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு சுவிட்ச். அதை மேலே இழுத்தால், பின் சக்கரங்களில் இருக்கிற இரண்டு குட்டி மோட்டார்கள் "ஙீ...ங்" என்று முனகிக்கொண்டு பிரேக்கை இறுக்கும். தூக்கம் வந்த குழந்தை போர்வையை இழுத்துக்கொள்கிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே வண்டியை வாங்கியிருப்பாள்.

மூன்று மணிக்கு வேலை முடியும். தொழிற்சாலையிலிருந்து சரசரவென்று இறங்கி, ஒரு திருப்பம் திரும்பி, மூணாம் நம்பர் மலையின் செங்குத்துப் பாதையில் ஏறுவாள். தார் முடிகிற இடத்தில் வானத்தைப் பார்த்தபடி வண்டியை நிறுத்துவாள். சுவிட்சை இழுப்பாள். எஞ்சினை அணைப்பாள். கண்ணாடி முழுக்க வானம் வந்து உட்காரும். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து பனி ஏறிவரும். செடி மறையும், பாதை மறையும், வண்டியின் மூக்கு மறையும். பிறகு உலகத்தில் சுபத்ராவும் ஒரு இருக்கையும்தான் மிச்சம். அரை மணி நேரம். சமையல் இல்லை, சம்பந்தி வீட்டு ஃபோன் இல்லை, காற்றாடி இல்லை. அவள் ஆயுளில் அவளுக்கென்று கிடைத்த இடம் அந்த மேட்டில் நிற்கிற அந்த வண்டிதான்.

அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் நின்றிருந்தாள். பனி வந்தது. பக்கத்துத் தேயிலைச் செடிகள் மெல்ல மலையேற ஆரம்பித்தன.

வரிசை வரிசையாக, அவசரமே இல்லாமல், ஈரத் தலையை ஆட்டிக்கொண்டு ஏறின. 'இதுங்களுக்கும் வேலை முடிஞ்சிருச்சு போல. வீட்டுக்குப் போவுதுங்க' என்று நினைத்துக்கொண்டாள். ரொம்ப அழகாக இருந்தது. கை காட்டலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் பின்னால் மெத்தென்று ஒரு இடி. செடிகள் சட்டென்று நின்றுவிட்டன. ஏறியது செடி இல்லை, இறங்கியது வண்டி. பதினைந்து அடி பின்னால் ஊர்ந்து, பாதையோரத் தேயிலைப் புதரில் முதுகைச் சாய்த்திருந்தது. இரண்டு செடி நசுங்கியதைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் தோட்டத்து வாய் சும்மா இருக்குமா? சாயங்காலம் பதினைந்து அடி நூறு அடியானது. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் வண்டி ரிங்லெட் ஏரி வரைக்கும் போய்விட்டது. மறுநாள் காலையில் அது தாப்பாவைத் தாண்டி ஈப்போ ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

யோகேந்திரன் பத்தொன்பது வருஷமாகத் தோட்டத்து லோரி ஓட்டுகிறவர். அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீ சுவிட்ச இழுக்கவே இல்ல. கனவுல இருந்திருப்ப."

"இழுத்தேங்க."

"எப்ப இழுத்த? முழிச்சிருக்கும்போதா, தூங்கும்போதா?"

"இழுத்தேன்னு சொல்றேன்லா!"

"நாளைக்கு வண்டிய ரிங்லெட் பட்டறையில காட்டுவோம். பிரேக் ரோசாக்னா, கெட்டுப்போயிருந்தா, சரி, செஞ்சுக்கலாம். பிரேக் நல்லா இருக்குன்னா, ஞாயித்துக்கிழமை காடி ஹரிதாசுக்கு. அவனாவது தக்காளிப் பெட்டி ஏத்துவான்."

ஹரிதாஸ் அவருடைய தம்பி. லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறவன்.

சுபத்ரா அன்று ராத்திரி படுத்துக்கொண்டு வலது கை விரலைப் பார்த்தாள். வாயால் "இழுத்தேன்" என்று சொல்லிவிட்டாள். ஆனால் நிஜமாகவே இழுத்தாளா? யோசிக்க யோசிக்க சுவிட்சும் பனியாகிக் கரைந்தது. இழுத்த மாதிரியும் இருந்தது. இழுத்ததாகக் கனவு கண்ட மாதிரியும் இருந்தது. தக்காளிப் பெட்டிகூடப் போகட்டும். தன் கை என்ன செய்தது என்று தனக்கே தெரியவில்லை என்றால், இனிமேல் எதை நம்பி அந்த மேட்டில் நிற்பது?

சனிக்கிழமை காலையில் யோகேந்திரன்தான் வண்டியை ஓட்டினார். ரிங்லெட்டில் காளியண்ணனின் பட்டறை. காளியண்ணன் ஒல்லி. வண்டிக்கு அடியில் போக அவனுக்கு ஜாக்கியே தேவையில்லை, கதவிடுக்கில் காகிதம் நுழைகிற மாதிரி நுழைந்துவிடுவான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணே, நேரம் ஆவும். போயி ரொட்டி சானாய் சாப்பிட்டு வாங்க" என்று யோகேந்திரனை அனுப்பி வைத்தான். அவருக்கு ஒரு ரொட்டி என்பது நாலு. வர ஒரு மணி நேரம் ஆகும்.

முதலில் பேட்டரியைப் பார்த்தான். "பேட்டரி வீக்கா இருந்தா இந்தப் பிரேக் கண்டபடி ஆட்டம் போடும். ஆனா இது நல்லா இருக்கு." பிறகு சக்கரங்களுக்கு மரக்கட்டை முட்டுக்கொடுத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் சொருகினான். அதன் திரையில் எழுத்து ஓடியது.

"பின்னாடி, இடது பக்க மோட்டார்னு சொல்லுது. ஏங்க்கா, அன்னைக்கு மஞ்ச லைட் எரியலயா?"

சுபத்ரா யோசித்தாள். "எரிஞ்சுச்சு."

"பாத்துட்டு என்ன செஞ்சீங்க?"

"பனிக்குள்ள அழகா இருந்துச்சு. பாத்துக்கிட்டே இருந்தேன்."

காளியண்ணன் கருவியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "யக்கா! எச்சரிக்கை லைட்டுக்கா அது! நீங்க சாமி விளக்குன்னு கும்பிடாம விட்டீங்களே!"

"ரொம்பச் சிரிக்காத. அந்தப் பட்டறை ரேடியோவ அடைச்சுட்டு சுவிட்ச இழு."

அவன் இழுத்தான். சுபத்ரா கண்ணை மூடினாள். வலது பக்கம் "ஙீ...ங்" என்று முனகியது. இடது பக்கத்தில் ஒரு "டிக்" கூட இல்லை. வாட்டு மாடியில் ஒரு காற்றாடி நின்றுபோனால் காற்றில் ஒரு ஓட்டை விழுமே, அந்த மாதிரி.

"இடது பக்கம் பேசல" என்றாள்.

"மிஷினும் அதத்தான் சொல்லுது. நீங்க இருக்கும்போது எனக்கு எதுக்கு இவ்ளோ விலையில மிஷின்?" காளியண்ணன் தலையைச் சொறிந்தான். "மோட்டார் போயிருந்தா ஈப்போவுலேர்ந்து வரணும். அஞ்சு நாளு."

அஞ்சு நாள் என்றதும், அதற்குள் யோகேந்திரன் மனசு மாறிவிடுவாரோ என்று சுபத்ராவின் கண்ணுக்கு முன்னால் ஹரிதாசின் தக்காளிப் பெட்டிகள் தானாகவே வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தன. "மோட்டார்தான்னு எப்படித் தெரியும்? அதுக்கு நேரா கரண்ட் குடுத்துப் பாரேன்" என்றாள்.

அவன் சக்கரத்தைக் கழற்றி, மோட்டாருக்குப் போகும் வயரின் சொருகியைப் பிடுங்கி, பேட்டரியிலிருந்து ஒரு நொடி நேராகத் தொட்டான். "ஙீங்!" மோட்டார் துள்ளிக்கொண்டு எழுந்தது.

"மோட்டார் உசிரோட இருக்கு. அப்ப அதுக்குக் கரண்ட் வந்து சேரல." சொருகியை வெளிச்சத்தில் திருப்பினான். உள்ளே செம்புக் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் பாசி பிடித்த மாதிரி பச்சை. ஓரமெல்லாம் வெள்ளை உப்பு. "என்னக்கா இது, காடிய கடலுக்குள்ள ஓட்டுனீங்களா?"

"கடலுக்கா? நான் தாப்பாவுக்கே வருஷத்துக்கு ஒரு தடவ போறவ."

அவன் முகர்ந்து பார்த்தான். மூக்கைச் சுளித்தான். "எதுல கழுவுறீங்க?"

சுபத்ராவுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஞாயிறுதோறும் லெம்பா பெர்த்தாம் போவாள். ஹரிதாஸ் செடிகளுக்கு உரத்தண்ணி அடிக்கிற பம்பை எடுத்து, அந்த டேங்க்கிலேயே தண்ணீர் நிரப்பி, வண்டியின் அடிவயிறு வரைக்கும் பீய்ச்சி அடிப்பாள். புருஷனுக்குக்கூட அப்படி முதுகு தேய்த்துவிட்டதில்லை. டேங்க்கின் அடியில் மிச்சம் கிடந்த உரமெல்லாம் வாராவாரம் சொருகிக்குள் போய்க் குடியேறியிருக்கிறது.

சொன்னாள். காளியண்ணன் சிரிக்கக்கூட மறந்து அவளையே பார்த்தான்.

"யக்கா, இது காடியா, கத்தரிச் செடியா? உரம் போட்டு வளத்திருக்கீங்க! இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா கூரை மேல பூ விட்டிருக்கும்."

பட்டறைக்குப் பின்னால் கிடந்த உடைந்த வண்டி ஒன்றிலிருந்து நல்ல சொருகியை வெட்டி எடுத்து வந்தான். அரித்துப்போன வயரை, பளபளக்கும் செம்பு தெரிகிறவரைக்கும் நறுக்கினான். புதுசை இணைத்து, ரப்பர் உறை போட்டுச் சூடு காட்டி இறுக்கினான். வலது பக்கத்திலும் லேசாகப் பச்சை கட்டியிருந்தது. அதையும் சுத்தம் செய்தான். வெளியே மலைச்சரிவில் வெயிலும் பனியும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. சுபத்ரா பழைய டயர் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். பாதி மனசு அங்கே. மீதி மனசு இன்னும் கேட்காத ஒரு கேள்வியில்.

கடைசியில் கேட்டுவிட்டாள். "தம்பி, நான் அன்னைக்கு சுவிட்ச இழுத்தேனா இல்லியா?"

"அதயும் மிஷின்கிட்டயே கேப்போம்." திரையைத் திருப்பிக் காட்டினான். "சுவிட்ச இழுத்தாதான் கம்ப்யூட்டர் மோட்டார எழுப்பும். எழுப்பி அது எழுந்திரிக்கலன்னா, எத்தனாவது கிலோமீட்டர்ல எழுந்திரிக்கலன்னு எழுதி வெச்சிரும். மொதத் தடவ எழுதுனதுக்கும் இப்பைக்கும் பதினேழு கிலோமீட்டர்."

சுபத்ரா விரல் விட்டு எண்ணினாள். மேட்டிலிருந்து வீட்டுக்கு மூன்று. வீட்டிலிருந்து ரிங்லெட்டுக்குப் பதினாலு.

"அந்த மேடு!" என்றாள்.

"அந்த மேடேதான். நீங்க இழுத்திருக்கீங்க. ரெண்டு கை பிடிக்கவேண்டியத ஒரு கை பிடிச்சிருக்கு. இறக்கத்துல பிரேக் அழுத்திக்கிட்டே வந்ததுல இரும்பு சூடு. பனியில அது ஆற ஆற, அந்த ஒத்தக் கை பிடியும் தளந்துருச்சு."

மனசு பனியோடு போயிருந்தாலும் கை அதன் வேலையைச் செய்திருக்கிறது. சுபத்ரா தன் விரலைத் தடவிக்கொண்டாள். ஊரிலேயே நம்பிக்கையான விரல் அதுதான் போல இருந்தது.

"ஆனா ஒண்ணு" என்று குரலைத் தாழ்த்தினான் காளியண்ணன். "கியர 'பி'யில, பார்க்கிங்ல, போட்டிருந்தா காடி நகந்தே இருக்காது. நீங்க நியூட்ரல்லயே விட்டுட்டுப் பனியப் பாத்திருக்கீங்க. சரி, விடுங்க. அண்ணன்கிட்ட பிரேக் ரோசாக்னு மட்டும் சொல்லிருவோம். பொய் இல்லயே."

அவள் பதில் சொல்வதற்குள் யோகேந்திரன் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். காளியண்ணன் சுவிட்சை மூன்று தடவை இழுத்து விட்டுக் காட்டினான். இரண்டு பக்கமும் சேர்ந்து முனகின. திரையைக் காட்டி, பதினேழு கிலோமீட்டர் கணக்கையும் சொன்னான்.

யோகேந்திரன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். லோரிக்காரர், இரும்பு சொன்னால் ஒத்துக்கொள்வார். "ம். இழுத்துத்தான் இருக்க" என்று சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

சுபத்ரா கையை நீட்டவில்லை.

"ஏங்க, நான் 'பி' போடல."

காளியண்ணன் வானத்தைப் பார்த்தான்.

"மஞ்ச லைட்டு எரிஞ்சுச்சு. பாத்துட்டு அழகா இருக்குன்னு விட்டுட்டேன். அந்த வயரு கெட்டதும் என்னாலதான். உங்க தம்பி பம்புல உரத்தண்ணி அடிச்சுக் கழுவிட்டேன்." மூச்சு விட்டுக்கொண்டாள். "இழுத்தது மட்டும்தாங்க சரி. மத்தது எல்லாம் நான் செஞ்சதுதான்."

யோகேந்திரனின் சாவிக் கை அப்படியே நின்றது. "ஏன் இதெல்லாம் சொல்ற? சொல்லாம இருந்தா எனக்குத் தெரியவா போவுது?"

"நான் இழுத்தேன்னு சொன்னப்ப நீங்க நம்பல. நாளைக்கு ஒண்ணு சொன்னா நம்பணும்லா."

அவர் பல்லிடுக்கில் ரொட்டித் துணுக்கை நாக்கால் தேடிக்கொண்டே வெகுநேரம் மலையைப் பார்த்தார். அங்கே அடிவாரத்தில் பனி திரளத் தொடங்கியிருந்தது.

"அந்த மேட்டுல அப்படி என்னதான் இருக்கு?"

சுபத்ரா யோசித்துப் பார்த்தாள். இத்தனை நாளில் யாரும் கேட்டதில்லை. "ஒண்ணுமில்லீங்க" என்றாள். "ஒண்ணுமே இருக்காது. அதான் நல்லா இருக்கும்."

யோகேந்திரன் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். பிறகு வண்டியைச் சுற்றிப்போய், பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

"போலாம். பனி ஏறுறதுக்குள்ள போயிரணும்."