கீறல் எங்கேன்னு எழுது

அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்த காலத்தில் அண்ணனுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். ஒரு கால்புள்ளி இடம் மாறி உட்கார்ந்திருந்தாலும் அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. அந்தக் கண்ணைத்தான் நோய் பிடித்தது. உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு பட்டுக்கொண்டே வருகிறது, போனது போனதுதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வலது கண் ஏற்கெனவே இருண்டுவிட்டது. இடது கண்ணில் சாவித் துவாரம் அளவுக்கு உலகம் மிச்சமிருந்தது.

தங்கை மூட்டை முடிச்சோடு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அறுபது தாண்டியும் அண்ணனுக்கு அவள் 'சின்னது'தான்.

வந்த வாரமே அவர் அலமாரியைத் திறந்து காட்டினார். தட்டுத் தட்டாக, மை ஊற்றி எழுதும் பழைய பேனாக்கள். தேடித் தேடி வாங்கி, கழுவி, வளைந்த நிப்பை நிமிர்த்தி, அவ்வப்போது ஒன்றை இணையத்தில் விற்று இன்னொன்றை வாங்கியே காலத்தை ஓட்டியவர் அவர்.

"எல்லாத்தையும் வித்துடலாம், சின்னது. கண்ணு கொஞ்சம் இருக்கும்போதே. நான் பார்த்துச் சொல்றேன், நீ எழுது."

முதல் பேனாவுக்கு அவள் ரொம்ப யோசித்து எழுதினாள்: 'மிக அழகான பேனா. வெண்ணெய் மாதிரி எழுதும். விட்டால் கிடைக்காது.' பெருமையோடு வாசித்தும் காட்டினாள். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கல்யாணத் தரகர் மாதிரி அளக்கறியே! வாங்குறவர் இதைக் கையில எடுத்துப் பார்க்க முடியாது. நீ எழுதறதுதான் அவருக்குக் கண்ணு. கீறல் எங்கேன்னு எழுது. கிளிப் ஆடுதா, மூடி இறுகுதா, மை எப்படி நிரப்பணும், எல்லாம் எழுது."

வெயில் நேராக விழாத ஜன்னலோரம் வைத்துப் படம் எடுக்கவும், பக்கத்தில் ஸ்கேலை வைத்து நீளம் காட்டவும், ஒரு வரி எழுதிப் பார்த்து அதையும் படமாகப் போடவும் பழகினாள். ஆயுசெல்லாம் போர்வையில் கறை தேடிய கண்ணுக்குக் கீறல் தேடுவது பெரிய வேலையாக இல்லை.

ஒருநாள் அடர்சிவப்புப் பேனா ஒன்று. அண்ணன் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, அந்தச் சாவித் துவாரத்துக்குள் மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் பழைய நாட்களைப் போல மலர்ந்தது.

"மூடியில பழுதே இல்லை. எழுதிக்கோ."

மூடியின் விளிம்பிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு விரிசல் ஓடியிருந்தது. அவள் வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்தாள். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு அவர் சொன்னபடியே எழுதினாள்.

பேனா திரும்பி வந்தது. எல்லாரும் படிக்கும்படி ஒரு குறிப்பும் வந்தது: 'விரிசலை மறைத்து விற்றிருக்கிறார். இவரைப் போய் நம்பினேன்.' அதை அவள்தான் அண்ணனுக்கு வாசிக்கவேண்டியிருந்தது.

அவர் கட்டைவிரல் நகத்தை மூடியின் ஓரமாக ஓட்டினார். ஓர் இடத்தில் நகம் தட்டியது.

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"அவ்வளவு சந்தோஷமா இருந்தே அண்ணா. எப்படிச் சொல்றது?"

"பாவம்னு விட்டுட்டே." பேனாவைக் கீழே வைத்தார். "பேர் கெட்டது போகட்டும். நீயே மறைச்சா, நான் இனிமே யார் கையைப் பிடிச்சுட்டு நடப்பேன்?"

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.

அதற்கப்புறம் அலமாரி பூட்டியே கிடந்தது. அண்ணன் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். பிறகு ஒரு காலை, சுவரைத் தடவிக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"எழுது. 'விற்பவருக்குக் கண் பார்வை இல்லை. இந்த விவரங்கள் அவருடைய தங்கை பார்த்து எழுதியவை.' ஒவ்வொரு பேனாவுக்கும் அதை முதல்ல போடு."

அவள் விரல் நின்றுவிட்டது. "பார்வையே இல்லைன்னா போடறது? இன்னும் கொஞ்சம் தெரியுதே அண்ணா."

"போடு."

பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட அவர் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு பேனாக்கள் மெதுவாகத்தான் போயின. குறை சொன்னவர் திரும்பி வரவேயில்லை.

மழைக்காலம் வருவதற்குள் இடது கண்ணும் மூடிக்கொண்டது. கடைசியாக மிஞ்சியது அச்சகத்தில் அவர் சட்டைப்பையில் இருந்த கறுப்புப் பேனா.

"மாதிரி வரியை நானே எழுதறேன்" என்றார். நிமிர்ந்து உட்கார்ந்து, இடது விரலால் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக நாலைந்து வரி எழுதினார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"எப்படி வந்திருக்கு?"

தாளில் நிப் அழுத்திய வெறும் பள்ளங்கள்தான் இருந்தன.

"மை இறங்கலைண்ணா. ஒண்ணுமே விழலை."

அவர் எழுதின இடத்தை விரல்களால் தடவிப் பார்த்தார். "அப்படியா" என்றார். பேனாவை மூடி அவள் பக்கம் நகர்த்தி, "அதையும் எழுதிடு. மை தடைபடுதுன்னு" என்று சொல்லிவிட்டு உள்ளங்கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் எழுந்து போகாமல் அவர் முதுகில் கையை வைத்தபடி இருந்தாள்.

பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்தப் பேனாவை வாங்கிக்கொண்டார். காலியான அலமாரியில் அவள் அண்ணனின் சட்டைகளை மடித்து அடுக்கினாள், வெளியே போட்டுக்கொள்வது மேலே, வீட்டுக்குப் போடுவது கீழே என்று. அவர் கையைப் பிடித்துத் தட்டுத் தட்டாகத் தொட்டுக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டு, சரி சரி என்று தலையை ஆட்டினார்.