வலை நூலால் அளந்த கால்

1983 ஆகஸ்ட் 17, புதன்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். காற்றின் திசை, ஏரித் தண்ணீரின் மட்டம் இரண்டையும் நாட்குறிப்பில் எழுதினேன். ஆறு மணிக்குத் தம்பியின் இடது கெண்டைக்காலை வலை நூலால் சுற்றி அளந்து, நூலில் முடிச்சுப் போட்டேன். மூன்று நாளில் மூன்று முடிச்சு. ஒவ்வொன்றும் முந்தையதைவிட அரை விரல் தள்ளி. வலது கால் அப்படியே இருந்தது.

டைபாய்டில் இருபது நாள் படுத்துக் கிடந்து எழுந்தவன் அவன். முந்தைய நாள் பொன்னேரி டாக்டர் இரத்தம் எடுக்கச் சொல்லி, வந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "உறையும் நேரம் சரியா இருக்கு. ரத்தக்கட்டு இல்ல, சுளுக்கு. உருவி விடுங்க" என்று அனுப்பிவிட்டார். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாள், வியாழக்கிழமை, தம்பியின் பாடு. ஏரியில் நல்ல இடத்தில் வலை போட ஊர் முறைவைத்துக் கொடுக்கும் நாள் அது. விட்டால் அடுத்த முறைவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் காலைத் தேற்றிவிட அவன் மனைவி எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தாள். வலை இழுத்து நரம்பு பிசகினால் எங்கள் பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்து அழுத்தி உருவுவார்கள்.

"உருவாத" என்றேன்.

"நீ இன்னா டாக்டராண்ணா? சீட்டுல சரினு போட்டுக்குது" என்றான் தம்பி.

"சீட்டு ரத்தத்துக்கு. வீங்கினது காலு."

"மாமாவுக்கு எதையாவது அளக்கலன்னா சோறு எறங்காது" என்றாள் அவள். "எண்ணெ ஆறுது, தள்ளுங்க."

தம்பி எழுந்து நின்றான். நான்கு அடி வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. எண்ணெய்ச் சட்டியை நானே எடுத்து வெளியே வைத்தேன். ஏழே முக்கால் பஸ்ஸில் மூவரும் சென்னைக்குக் கிளம்பினோம்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் முதலில் நூலை வாங்கிப் பார்த்தார். காலில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடைவரை இரத்தம் உறைந்திருந்தது.

"வெளியே எடுத்த ரத்தம் எவ்வளவு நேரத்துல உறையுதுன்னுதான் அந்தச் சோதனை சொல்லும்" என்றார். "காலுக்குள்ள ஏற்கெனவே உறைஞ்சத அது காட்டாது. உருவியிருந்தா கட்டி கழண்டு நுரையீரலை அடைச்சிருக்கலாம்."

இத்தனை ஆண்டுகள் ஆகியும் எனக்கு ஆறவில்லை. சோதனைமேல் கோபமில்லை, அது தன்னிடம் கேட்டதற்குச் சரியாகவே பதில் சொன்னது. எண்ணெய் காய்ச்சியவள்மேலும் இல்லை. படித்தவர் சொன்னதைத்தான் அவள் செய்தாள். சீட்டைப் பிடித்த கையை ஒரு முழம் நீட்டி அந்தக் காலைத் தொட, படித்தவருக்கு என்ன தடை?

பாடு வேறொருவருக்குப் போனது. மறுநாள் காலை, இரத்தம் மேலும் உறையாமலிருக்க ஏற்றிய மருந்தின் அளவைச் சரிபார்க்க அதே உறையும் நேரச் சோதனைக்கு இரத்தம் எடுக்க நர்ஸ் வருவதற்கு முன், நூலை எடுத்துத் தம்பியின் காலை அளந்தேன். நான்காவது முடிச்சு மூன்றாவதன் மேலேயே விழுந்தது.